கம்பனி கடல் கடந்துவிட்டது, சங்கம் எப்போது கடக்கும்?

சம்பளப் பேச்சு எப்போது தொடங்கினாலும் கம்பனிக்காரர்களின் வாயில் முதலில் வருவது கென்யாதான். கென்யாவில் ஒரு ஆள் ஒரு நாளில் இத்தனை கிலோ கொழுந்து எடுக்கிறார், நீங்கள் அதில் பாதிகூட எடுப்பதில்லை. கென்யாவில் ஒரு கிலோ தேயிலை செய்ய இவ்வளவுதான் செலவு, இங்கே அதைவிட எவ்வளவோ கூட. ஆகவே சம்பளத்தைக் கூட்டினால் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆயிரம் ரூபா கேட்ட காலமெல்லாம் இதே பாட்டு. 2021 மார்ச்சில் அந்த ஆயிரம் வர்த்தமானியில் ஏறிய பிறகும் இதே பாட்டு. மெட்டு மாறவில்லை, சொல்லும் மாறவில்லை.

இந்தப் பாட்டுக்கு எசப்பாட்டுப் பாட வேண்டியவர்கள் கெரிச்சோவில் இருக்கிறார்கள். மேற்குக் கென்யாவின் மலைப்பிரதேசம் அது. 1920களில் புரூக் பொண்ட், ஜேம்ஸ் பின்லே ஆகிய கம்பனிகள் அங்கே பெருந்தோட்டம் போட்டன. நம் தாத்தாமாருக்கும் பாட்டிமாருக்கும் நன்றாகத் தெரிந்த பெயர்கள்தான். கிப்சிகிஸ் மக்களின் நிலத்தைப் பிடுங்கித்தான் அந்தத் தேயிலை நடப்பட்டது. அங்கேயும் கூடை முதுகில், அங்கேயும் வரிசை வரிசையாகக் கம்பனி வீடு, அங்கேயும் கிலோவைப் பார்த்துக் கூலி. கொழுந்தெடுக்கும் இயந்திரங்களைக் கம்பனிகள் இறக்கியதால் கைவேலை போன கோபத்தில் 2023 இல் அந்த இயந்திரங்கள் தீக்கிரையாகின. இந்தச் செய்தியைச் சம்பளப் பேச்சு மேசையில் எந்தக் கம்பனிக்காரரும் நமக்குச் சொல்லவில்லை. கென்யாவின் கிலோக் கணக்கு மட்டும்தான் கப்பலேறி இங்கே வருகிறது. கென்யத் தொழிலாளியின் வயிறு வருவதில்லை.

இதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. அண்மை வருடங்களில் கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு கம்பனி கெரிச்சோவின் பெரிய தோட்டங்களை வாங்கியிருக்கிறது. அதே குழுமத்தின் கையில் நம் மலைநாட்டுத் தோட்டங்களும் இருக்கின்றன. இனிக் கென்யாவும் இலங்கையும் இரண்டு போட்டிக்காரர்கள் அல்ல, ஒரே முதலாளியின் இரண்டு கணக்குப் புத்தகங்கள். இங்கே 'கென்யாவைப் பார்' என்று சொல்லும் வாய், நாளைக்கு அங்கே 'இலங்கையைப் பார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இடத்தை மாற்றிச் சொன்னால் போதும், விமானச் சீட்டுக்கூடத் தேவையில்லை.

தோழர்களே, தோழியரே, இதைப் பேசத் தொடங்கினால் உடனே ஒரு பதில் வரும். நம்ம லயத்துக் கூரையே ஒழுகுது, இதில் ஆபிரிக்கா எதுக்கு? அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கறுப்பு மக்களைக் 'காப்பிலி' என்று சொல்லிச் சிரிக்கும் பழக்கம் இந்த நாட்டில் எல்லாச் சமூகங்களிடமும் உண்டு, லயங்களிலும் உண்டு. டவுனுக்குப் போனால் 'தோட்டக்காட்டான்' என்று நமக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தச் சொல் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டதோ அதே பட்டறையில்தான் இதுவும் அடிக்கப்பட்டது. ஒன்றைக் கேட்டுக் கொதிக்கிறவர் மற்றதைச் சொல்லக் கூடாது. இதற்கு மேல் இதில் விளக்கம் வேண்டாம்.

கையில் காசில்லாதவர்கள், வோட்டில்லாதவர்கள், சொந்த மண்ணில்கூட நிற்காதவர்கள் கடல் கடந்து ஒரு சங்கத்தை நடத்த முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கதை என்றால் கற்பனை அல்ல, நடந்தது.

1935 இல் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படை எடுத்தது. ஆபிரிக்காவில் வெள்ளையர் ஆட்சிக்குள் போகாமல் எஞ்சியிருந்த நாடுகள் இரண்டே இரண்டு, அதில் அது ஒன்று. சர்வதேச சங்கம் என்று ஜெனீவாவில் கூடியிருந்த வல்லரசுகள் இத்தாலி மீது தடை போட்டன. ஆனால் போர் நடத்த எது முக்கியமோ அந்த எண்ணெயை மட்டும் தடையில் சேர்க்கவில்லை. லண்டனில் இருந்த கறுப்பினத்தவர் சிலர் எத்தியோப்பியாவுக்காக ஒரு குழுவை அமைத்தார்கள். அந்தக் குழுவிலிருந்து 1937 இல் வளர்ந்தது சர்வதேச ஆபிரிக்க சேவைப் பணியகம்.

அதில் இருந்தவர்களைப் பாருங்கள். தலைவர் ஜோர்ஜ் பட்மோர், திரினிடாட்காரர். 1930களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் சார்பில் ஹம்பேர்க் துறைமுகத்தில் இருந்து கறுப்பினத் தொழிலாளருக்கான பத்திரிகையை நடத்தியவர். அந்தப் பத்திரிகை கப்பல் தொழிலாளர்களின் பெட்டிகளுக்குள் ஒளிந்து குடியேற்ற நாடுகளுக்குப் போனது. பின்னர் மொஸ்கோ பிரித்தானியாவோடும் பிரான்சோடும் உறவு தேடி, குடியேற்ற நாட்டு விடுதலைப் பேச்சைத் தணிக்கச் சொன்னபோது, பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். பத்திரிகை ஆசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், அவரும் திரினிடாட். பொருளாளர் ராஸ் மக்கொனன், பிரித்தானிய கயானாவில் பிறந்தவர். பொதுச் செயலாளர் வொலஸ்-ஜோன்சன், சியேரா லியோன். உதவிச் செயலாளர் ஜோமோ கென்யாட்டா, பிற்காலத்தில் கென்யாவின் ஜனாதிபதியானவர். ஜமேக்காவின் ஏமி ஆஷ்வூட் கார்வி, 1914 இல் மார்க்கஸ் கார்வியோடு சேர்ந்து அங்கே கறுப்பின மக்களின் பெரும் இயக்கத்தைத் தொடங்கியவர். அமைப்புச் செயலாளர் பார்படோசைச் சேர்ந்த கிறிஸ் பிரெய்த்வெயிட், கப்பல் தொழிலாளி. வெள்ளையர் அல்லாத கப்பல் தொழிலாளரை வேலையிலிருந்து கழித்துவிடப் பார்த்த 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, ஆபிரிக்கர், கரீபியர், அரபியர், இந்தியர் என்று எல்லாத் துறைமுகத்து ஆட்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்தவர் அவர்.

திரினிடாட்காரர் இருவரையும் விட்டால், ஒரே ஊர்க்காரர் என்று இவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துப் பிடிப்பதே கடினம். பலர் தம் பாட்டன் பூட்டன் பிறந்த மண்ணை அப்போது கண்ணால்கூடக் கண்டதில்லை. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பிள்ளைகள், தங்கள் மூதாதையர் எந்தக் கரையில் ஏற்றப்பட்டார்கள் என்பதே தெரியாதவர்கள். நமக்காவது தட்டப்பாறை, மண்டபம் என்று சொல்ல ஒரு முகாமின் பெயர் இருக்கிறது.

இந்தப் பணியகம் என்ன செய்தது? பெரிய காரியம் என்று தோன்றாது. குடியேற்ற நாடுகளில் இருந்து வந்த கடிதங்களைச் சேர்த்தது. எந்தச் சுரங்கத்தில் என்ன கூலி, எந்தத் தோட்டத்தில் யாரைப் பொலிஸ் பிடித்தது என்று தொகுத்து நட்பான பாராளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, சபையில் கேள்வி கேட்க வைத்தது. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். கவர்னர் மூடிவைத்த விஷயம் அப்படியே அச்சில் ஏறும். பிரித்தானியத் தொழிற்சங்கக் கிளைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பேச்சாளரை அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைட் பூங்காவில் நின்று பத்திரிகை விற்றது. பட்மோரின் அலுவலகம் என்பது பெரும்பாலும் அவரும் அவரது துணைவி டொரத்தி பிசரும் வாழ்ந்த வீட்டின் சமையலறை மேசைதான். அங்கே இருந்து எழுதிய கட்டுரைகள் கரீபியன் தீவுகளிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் அச்சாகின.

அந்தப் பணியகத்தின் விதியில் ஒன்றை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். முழு உறுப்புரிமை ஆபிரிக்கருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும். வெள்ளையர் உட்பட மற்றவர்கள் இணை உறுப்பினராகலாம், அதுவும் வாய்ப்பேச்சாக இல்லாமல் நடைமுறையில் உதவுகிறவராக இருந்தால். இது வெறுப்பினால் வந்த விதி அல்ல. பட்மோரின் வாழ்க்கைத் துணையே வெள்ளைக்காரப் பெண். தங்கள் பெயரில் மற்றவர்கள் பேசிப் பேசியே அலுத்துப்போனவர்கள் எழுதிய விதி அது. நண்பர்கள் வரட்டும், வாங்கில் இடம் உண்டு, ஆனால் நாற்காலி நம்முடையது என்பதுதான் அதன் பொருள்.

இன்று மலையகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. கொழும்பு ஹோட்டல்களில் கருத்தரங்கு, நடுவில் பூச்சாடி, பின்னால் பதாகை, அதில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அந்தப் படத்தில் உள்ளவருக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வரும் உதவியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர்த் தாங்கி கட்டித் தந்தால் நன்றி. ஆனால் தாங்கி கட்டித் தந்தவர் நம் தலைவர் அல்ல. தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் மலையில் தெரிவாக வேண்டும், திட்ட முன்மொழிவில் அல்ல.

பணியகம் தொடங்கிய அதே 1937 ஜூனில் திரினிடாட்டில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களின் தலைவர் யூரியா பட்லரைப் பிடிக்கப் பொலிஸ் வந்தபோது கூட்டம் கலகமாகியது, பிரித்தானியப் போர்க்கப்பல் வந்தது. வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. இந்த இடத்தில் நம் கதையும் அந்தக் கதையும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடுகின்றன. திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள், கல்கத்தாவிலிருந்து பெரும்பகுதி, மதராஸிலிருந்தும் ஒரு பகுதி. எண்ணெய் வயலில் ஆபிரிக்கர், கரும்புக் காட்டில் இந்தியர், இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டும் என்பது துரைமாரின் ஏற்பாடு. 1937 இல் அந்த ஏற்பாட்டில் விரிசல் விழுந்தது. எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்துக்கும் கரும்புத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒரே மனிதர் முதல் தலைவரானார். அவர் பெயர் ஏட்ரியன் கோலா ரியன்சி, பிறந்தபோது வைத்த பெயர் கிருஷ்ண தேவநாராயண். ஆபிரிக்கத் தொழிலாளர்கள் ஒரு இந்திய வம்சாவளிக்காரரைத் தங்கள் சங்கத் தலைவராக ஏற்றார்கள். நம்மிடையே அடுத்த டிவிஷன்காரரைத் தலைவராக ஏற்க முடியாமல் சங்கத்தை இரண்டாக உடைத்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த வருடம் ஜமேக்காவின் புரோம் கரும்புத் தோட்டத்தில் கூலிச் சண்டை, பொலிஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். இங்கே முல்லோயாவில் 1940 ஜனவரியில் கோவிந்தன் சுடப்பட்டதை நினைக்காமல் அதைப் படிக்க முடியாது. ஒரே பேரரசு, ஒரே துப்பாக்கி. ஜமேக்காவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் பிரித்தானிய அரசு மொய்ன் பிரபு தலைமையில் ஒரு ஆணைக்குழுவை அனுப்பியது. லண்டனில் இருந்த பணியகத்தார் மற்றக் கறுப்பின அமைப்புகளோடு சேர்ந்து அந்த ஆணைக்குழுவுக்குத் தங்கள் அறிக்கையைக் கொடுத்தார்கள். ஆணைக்குழு கண்டது அவ்வளவு மோசமாக இருந்ததால் சிபாரிசுகளை மட்டும் 1940 இல் வெளியிட்டு, முழு அறிக்கையை யுத்தம் முடியும் 1945 வரை அரசு பெட்டிக்குள் வைத்திருந்தது. ஆணைக்குழு அறிக்கைகள் பெட்டிக்குள் தூங்குவது நம் நாட்டில்தான் என்று நினைக்க வேண்டாம், அதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான்.

வொலஸ்-ஜோன்சன் லண்டனில் உட்கார்ந்துவிடவில்லை. 1938 இல் பணியகத்தின் பத்திரிகையில் 2,000 பிரதிகளைக் கட்டிக்கொண்டு சியேரா லியோனுக்குக் கப்பலேறினார். பிரீடவுன் துறைமுகத்தில் சுங்கம் அவ்வளவையும் பறித்துக்கொண்டது. பேப்பர் போனால் போகட்டும் என்று அவர் வாயாலேயே கூட்டம் கூட்டினார். இளைஞர் லீக் ஒன்றையும் பல தொழிற்சங்கங்களையும் கட்டினார். அரசாங்கம் அவசரமாகப் புதுப்புதுச் சட்டங்கள் கொண்டுவந்தது. 1939 செப்டெம்பர் முதலாம் திகதி, ஐரோப்பாவில் யுத்தம் வெடித்த அன்றே அவரைப் பிடித்து உள்ளே போட்டது. 1944 இல்தான் வெளியே விட்டது.

வெளியே வந்த மனிதர் 1945 பெப்ரவரியில் மறுபடியும் லண்டனில் நிற்கிறார், இந்த முறை தொழிற்சங்கப் பிரதிநிதியாக. உலகத் தொழிற்சங்கங்களின் மாநாட்டுக்குக் குடியேற்ற நாட்டுச் சங்கங்களையும் அழைத்திருந்தார்கள். இதற்குள் பணியகமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 1944 இல் மன்செஸ்டரில் அகில ஆபிரிக்க சம்மேளனம் ஆகியிருந்தன. அதன் தலைவர் கயானாவிலிருந்து வந்த வைத்தியர் பீற்றர் மில்லியர்ட். சம்மேளனம் அந்தத் தொழிற்சங்கப் பிரதிநிதிகளை மன்செஸ்டருக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு உட்கார வைத்துப் பேசியது. அந்தப் பேச்சில் பிறந்ததுதான் ஐந்தாவது அகில ஆபிரிக்க மாநாடு.

தேதியை வைத்ததிலேயே அவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஆபிரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடக் காசு கிடையாது. ஆனால் 1945 ஒக்டோபர் தொடக்கத்தில் பாரிசில் உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தொடக்க மாநாடு இருந்தது. அதற்குச் சங்கங்கள் ஏற்கெனவே பயணச் செலவு கட்டியிருந்தன. பாரிஸ் முடிந்த கையோடு ஒக்டோபர் 15 முதல் 21 வரை மன்செஸ்டரில் கூட்டத்தை வைத்தார்கள். மிச்சச் செலவில் பெரும்பங்கு மக்கொனனின் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வந்தது. மன்செஸ்டரில் கறுப்பினத்தவரும் யாவரும் வந்து உண்ணக்கூடிய உணவகங்களை நடத்தி, அதில் வந்த லாபத்தில் வழக்குக் கூலியும் மண்டபச் செலவும் கொடுத்தவர் அவர். தூதரகத்துக் காசு இல்லை, பணக்காரர் நன்கொடை இல்லை. சோற்றுக் காசு.

நம் சந்தா சம்பளச் சீட்டில் தோட்ட நிர்வாகத்தின் கையாலேயே வெட்டப்பட்டுச் சங்கத்துக்கு வந்து பழகியது. எந்தத் துரையோடு சண்டை போட வேண்டுமோ அதே துரையின் கணக்குப்பிள்ளைதான் நம் சங்கத்தின் உண்டியலையும் எண்ணுகிறார் என்றால், அவர் எண்ணுவதை நிறுத்திய மாதம் சங்கம் என்ன செய்யும்? லயத்துக்கு லயம் போய்க் கையால் சந்தா சேர்ப்பது கஷ்டம்தான். ஆனால் கையால் வாங்கும்போதுதான் ஒவ்வொரு வாசலிலும் நின்று குறை கேட்க வேண்டி வரும்.

மன்செஸ்டர் மாநாட்டுக்கு முன்னும் அகில ஆபிரிக்க மாநாடுகள் நடந்ததுண்டு. 1900 இல் திரினிடாட் வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் லண்டனில் கூட்டியது முதலாவது முயற்சி. பிறகு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபொய்ஸ் 1919, 1921, 1923, 1927 என்று நான்கு மாநாடுகளை நடத்தினார். அவற்றைக் கேவலமாகப் பேச நாம் வரவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் படித்தவர்கள் கூடி, வல்லரசுகளுக்கு மரியாதையாக மனு எழுதிய கூட்டங்கள். மன்செஸ்டரில் வந்த ஏறத்தாழ 90 பிரதிநிதிகளில் தொழிற்சங்கக்காரர் கணிசமாக இருந்தார்கள். 77 வயது டுபொய்ஸ் தலைமை நாற்காலியில் இருந்தார், ஆனால் கூட்டத்தின் குரல் மாறியிருந்தது. குடியேற்ற நாட்டுத் தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் படித்தவர்களுக்கும் ஒரு பிரகடனம் எழுதினார்கள். எழுதியவர் இளம் குவாமே நிக்ருமா. வேலைநிறுத்தமும் பகிஷ்கரிப்பும்தான் உங்கள் ஆயுதம், சங்கமாகச் சேருங்கள் என்பது அதன் சாரம். மனு எழுதும் காலம் அங்கே முடிந்தது.

அதே வருடம் ஜூனில் நைஜீரியாவில் ரயில்வே, தபால் தொழிலாளர்களும் அரசாங்க ஊழியர்களும் விலைவாசிப்படி கேட்டுப் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். யுத்தத்தால் விலை ஏறியபோது ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் படி கொடுத்த அரசு, ஆபிரிக்கருக்குக் கொடுக்க மறுத்ததுதான் காரணம். பிரித்தானியாவில் இருந்த ஆபிரிக்க அமைப்புகள் கூட்டம் போட்டுப் பணம் சேர்த்து அனுப்பின. புலம்பெயர்ந்தவர்களின் வேலை என்றால் இதுதான்: வேலைநிறுத்தம் ஆறாவது வாரத்துக்குப் போகும்போது அரிசிக்கு வழி பார்ப்பது. விழா மலர் அச்சிடுவது அதற்குப் பிறகு.

மாநாட்டின் முதல் நாள் அமர்வுக்குத் தலைமை தாங்கியது ஏமி ஆஷ்வூட் கார்வி. அவரும் ஜமேக்காவின் அல்மா லா பாடியும் எழுந்து, கறுப்பின மக்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறீர்கள், பேசுகிறீர்கள், கறுப்பினப் பெண்ணைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்ற பொருளில் ஆண்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் கேட்டார்கள். நம் மண்டபங்களில் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. கொழுந்தெடுப்பது பெண்கள். நிறுவை வெட்டைச் சகிப்பது பெண்கள். சந்தா வெட்டப்படும் சீட்டுகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. மேடையில் மாலை விழுவது யார் கழுத்தில்? மே தினத்துக்கு லொறியில் வருவதற்கு மட்டும் மாதர் அணி என்றால், அது அணி அல்ல, கூட்டம் காட்டுவதற்கான ஆள்.

1945 ஜூனில் இந்தச் சம்மேளனம் லண்டனில் இன்னொரு கூட்டமும் நடத்தியது. அடிமைப்பட்ட நாடுகளின் மக்கள் எல்லோருக்குமான கூட்டம் அது. மேற்கு ஆபிரிக்க மாணவர் சங்கம், இந்தியச் சங்கங்கள், பர்மியர் அமைப்பு ஆகியவற்றோடு இலங்கை மாணவர் சங்கமும் அதில் சேர்ந்து நின்றது. அங்கே விடுதலை கேட்டார்கள், கேட்டதில் தப்பில்லை. மூன்று வருடத்தில் இலங்கைக்குச் சுதந்திரமும் வந்தது. வந்த சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் அதே 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து நம் மக்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. பிறகு 1964 இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள், நம்மில் ஒருவரைக்கூடக் கேட்காமல்.

அதனால்தான் மன்செஸ்டர்க் கதையை இனிப்பாக முடித்துவிட நமக்கு மனமில்லை. பிரகடனம் எழுதிய நிக்ருமா 1957 இல் சுதந்திர கானாவின் பிரதமரானார். பட்மோர் அக்ராவுக்குப் போய் அவருக்கு ஆலோசகராக இருந்து 1959 இல் காலமானார். 1961 செப்டெம்பரில் கானாவின் செக்கொந்தி-தக்கொராதியில் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள், சம்பளத்தில் கட்டாயச் சேமிப்பு என்று வெட்டிய வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். நிக்ருமாவின் அரசு அவர்களின் தலைவர்களை விசாரணை இல்லாமலே தடுத்து வைத்தது. வேலைநிறுத்தம் உங்கள் ஆயுதம் என்று எழுதிய அதே கை! கென்யாட்டாவின் கென்யாவில் 1965 இல் தொழிற்சங்க சம்மேளனங்களைக் கலைத்து, அரசின் கண்பார்வையில் ஒரே சம்மேளனமாக்கினார்கள். கெரிச்சோவின் பெருந்தோட்டங்கள் கம்பனிகளிடமே இருந்தன. அவைதான் இப்போது கொழும்புக்கு விலைபோயிருக்கின்றன.

நிக்ருமா ஏகாதிபத்தியத்தை எதிர்த்தார் என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டி செக்கொந்தி தொழிலாளியை மறைக்கிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தொழிலாளரின் தோளில் ஏறி அமைச்சர் நாற்காலிக்குப் போனவர் அங்கே போன பிறகு முதலில் பூட்டுவது தொழிலாளியின் வாயைத்தான். இது ஆபிரிக்காவுக்கு மட்டும் நடந்தது அல்ல என்பதை மலையகத்தில் யாருக்கும் பெயர் சொல்லி விளக்கத் தேவையில்லை. மாலையில் கம்பனியோடு கைகுலுக்கிவிட்டுக் காலையில் நம்மோடு கோஷம் போடுகிறவர்கள் எல்லா நிறக் கொடியிலும் உண்டு. சங்கம் எந்த அரசாங்கத்தின் வாலாகவும் இருக்கக் கூடாது, நமக்குப் பிடித்த அரசாங்கத்தின் வாலாகவும்தான்.

எனவே கென்யாவுக்கு ஒரு தலைவர் குழுவாகப் போய், மாலை வாங்கி, படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டுவிட்டு வர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அப்படி ஒரு பயணம் வேண்டவே வேண்டாம். பட்மோருக்குச் சமையலறை மேசையும் தட்டச்சு இயந்திரமும் தபால் முத்திரையும் போதுமாக இருந்தன. இன்று ஒவ்வொரு லயத்திலும் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து உயர்தரம் முடித்து ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் உறவுகள் நீலகிரித் தேயிலையில் இருக்கிறார்கள், வளைகுடாவில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள், கொழும்புக் கடைகளில் இருக்கிறார்கள். வளைகுடா வீடுகளில் நம் பெண்கள் கென்யப் பெண்களோடு ஒரே சமையலறையில் வேலை செய்கிறார்கள். யார் யாரைத் தெரியாது என்கிறீர்கள்?

கென்யாவில் தோட்டத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு எழுதும் முதல் கடிதத்தில் என்ன கேட்க வேண்டும் என்று இந்த மாதம் தோட்டக் கமிட்டிகள் கூடிப் பேசட்டும். நாம் நினைப்பது இவை: ஒரு கிலோ பச்சைக் கொழுந்துக்கு உங்களுக்கு எவ்வளவு? ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விதித்திருக்கிறார்களா, அது குறைந்தால் என்ன வெட்டு? நிறுவையில் கூடைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள்? இயந்திரம் வந்த மலையில் எத்தனை பேர் வேலையில் மிஞ்சினார்கள்? தோட்டம் கைமாறியபோது உங்கள் சேவைக்காலமும் வீடும் என்னவாயின? வீட்டு நிலம் யார் பெயரில்? கொழும்பிலிருந்து புதிதாக வந்த முகாமையாளர் உங்களிடம் இலங்கையைப் பற்றி என்ன சொல்கிறார்?

அதோடு நம் சம்பளச் சீட்டு ஒன்றின் பிரதியையும், ஒரு பேருக்கு இங்கே எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்ற விபரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சீட்டில் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். சீட்டுகளையும் உங்கள் கேள்விகளையும் மாவட்டக் காரியாலயத்தில் மாதர் தலைவியரிடம் கொடுங்கள், கடிதத்தை அவர்களே எழுதி அவர்களே கையொப்பமிடுவார்கள். கெரிச்சோவிலிருந்து வரும் பதில் இந்தப் பக்கத்தில், வந்தபடியே அச்சாகும்.